மனப்பாடம் போதும், தோண்டக் கற்றுக்கொடுங்கள்: நேர்காணல் பயிற்சியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பயிற்சியாளர்களுக்கு,

வணக்கம். வேலை தேடுவோரை நேர்காணலுக்குத் தயார்படுத்துகிற பணியில் இருக்கிறீர்கள். கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் இருக்கலாம், தனிப் பயிற்சி மையம் நடத்தலாம், யூடியூபில் பாடம் எடுக்கலாம். நான் மேசைக்கு எதிர்ப்புறம் உட்காருபவன். கேள்வி கேட்டு, மதிப்பெண் போட்டு, யாரை எடுப்பது என்று முடிவுசெய்யும் குழுவில் ஒருவன். உங்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு, சில வேண்டுகோள்களும் உண்டு.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மாணவர்கள் உள்ளே வந்து இரண்டு வாக்கியம் பேசியதுமே அவர்கள் எந்த மாதிரி வகுப்பிலிருந்து வருகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் பெயர், படிப்பு, குடும்பம், பொழுதுபோக்கு, பலம் என்று அதே வரிசை. "உங்கள் பலவீனம் என்ன?" என்றால், "எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைப்பேன், அதுதான் சார் என் பலவீனம்." "ஐந்து ஆண்டு கழித்து எங்கே இருப்பீர்கள்?" என்றால், "இதே நிறுவனத்தில் பொறுப்பான பதவியில்." காலையிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்து இதையே சொல்வதைக் கேட்டுக் கேட்டு, மாலைக்குள் எங்களுக்கே அது மனப்பாடமாகிவிடுகிறது.

மாணவர்கள் மேல் தப்பில்லை. பதற்றத்தில் இருப்பவர் கைக்கு எட்டியதைத்தான் பிடித்துக்கொள்வார். எட்டுகிற இடத்தில் அதை வைத்தது நீங்கள்.

எங்களுக்கு எரிச்சலாக இருக்கிறது என்பதற்காக இதை எழுதவில்லை. எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளத்தான் எங்களுக்குச் சம்பளம். அந்தப் பதிலுக்கு மதிப்பெண் போட எங்கள் தாளில் இடமே இல்லை, அதுதான் சிக்கல். அந்தத் தாளில் என்ன இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பது வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆளைப் பார்த்துப் பேசி எடைபோடுவதன் மேல் சந்தேகம் எழுந்து நூறு ஆண்டுக்கு மேலாகிறது. 1915-இல் அமெரிக்க உளவியலாளர் வால்டர் டில் ஸ்காட் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். விற்பனை வேலைக்கு வந்த 36 பேரை 6 மேலாளர்கள் தனித்தனியே நேர்காணல் செய்தார்கள். 28 பேர் விஷயத்தில், இவரை மேல் பாதியில் வைப்பதா கீழ்ப் பாதியில் வைப்பதா என்பதில்கூட அந்த ஆறு பேருக்குள் ஒத்துப்போகவில்லை. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் மனம்போன போக்கில் நடக்கும் பேச்சுவார்த்தையை நம்பாதே என்றே சொல்லிவந்தன. 2013-இல் வெளியான ஒரு ஆய்வு இன்னும் சங்கடமானது. ஜேசன் டானா, ராபின் டாஸ், நதனியல் பீட்டர்சன் என்ற மூவர் செய்தது. நேர்காணலுக்கு உட்கார்ந்தவர்களில் ஒரு பகுதியினர், உண்மை என்ன என்பதைப் பார்க்காமல், ஒரு ரகசிய விதிப்படி ஆம், இல்லை என்று பதில் சொன்னார்கள். கேள்வி கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. எதிரே இருப்பவரைப் புரிந்துகொண்டதாகவே நம்பினார்கள்.

இதற்கு மருந்தாக வந்ததுதான் கட்டமைக்கப்பட்ட நேர்காணல். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை, எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதிவைத்த அளவுகோல். 2022-இல் உளவியலாளர் பால் சாக்கெட்டும் அவருடைய சகாக்களும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதோடு இந்த வகை நேர்காணலின் மதிப்பெண்ணுக்கு இருக்கும் தொடர்பு 0.42 என்று வந்தது. முழுப் பொருத்தம் இருந்தால் 1 வரும். கட்டமைப்பு இல்லாத நேர்காணலுக்கு 0.19. பாதிக்கும் குறைவு. அவர்கள் ஒப்பிட்ட தேர்வுமுறைகளில் முதலிடம் பிடித்தது இந்தக் கட்டமைக்கப்பட்ட நேர்காணல்தான்.

இப்போது எங்கள் தாளுக்கு வருகிறேன். "கூட வேலை செய்பவரோடு கருத்து வேறுபாடு வந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள்" என்று ஒரு கேள்வி இருக்கும். அதன் கீழே அளவுகோல் ஏறக்குறைய இப்படி இருக்கும். குறிப்பிட்ட சம்பவம் எதையும் சொல்லவில்லை, பொதுவாகப் பேசினார்: 1. சம்பவம் சொன்னார், ஆனால் அதில் தன் பங்கு என்ன என்பது தெளிவில்லை: 3. எதிராளி என்ன நினைத்தார், ஏன் நினைத்தார், தான் என்ன செய்தார், எப்படி முடிந்தது, அதற்குப் பிறகு எதை மாற்றிக்கொண்டார் என்பது வரை சொன்னார்: 5. இடையில் 2, 4.

"எனக்குக் குழுவாக வேலை செய்வது மிகவும் பிடிக்கும் சார், கருத்து வேறுபாடு வந்தால் பேசித் தீர்த்துக்கொள்வேன்" என்று உங்கள் மாணவர் சொல்கிறார். அழகாகத்தான் சொல்கிறார். நான் 1 போடுகிறேன். போடாமல் வேறு வழி இல்லை. அவர் பேசிய தோரணைக்கு ஒரு கட்டம் இருந்தால் அதில் 5 போட்டிருப்பேன். அப்படி ஒரு கட்டம் கிடையாது.

எல்லா நிறுவனமும் இப்படி நடத்துவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். இன்னும் பல இடங்களில் மனதுக்குப் பட்டதைக் கேட்டு, மனதுக்குப் பட்டவரை எடுக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் சோம்பேறிகள் இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் அப்படிப்பட்ட இடத்திலும் சொந்தச் சம்பவத்தைச் சொந்த வார்த்தையில் சொல்பவர்தான் நினைவில் நிற்பார்.

அடுத்து, உங்கள் பவர்பாயின்ட்டில் இருந்து இரண்டு ஸ்லைடுகளை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, "நாம் சொல்வதில் 7 சதவீதம்தான் வார்த்தை, 38 சதவீதம் குரல், 55 சதவீதம் உடல்மொழி." ஏறக்குறைய எல்லாப் பயிற்சி வகுப்பிலும் இது வந்துவிடுகிறது. இதற்கு ஆதாரம், உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் 1967-இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகள். அவற்றில் யாரும் நேர்காணலில் பேசவில்லை, யாரும் ஒரு முழு வாக்கியம்கூடப் பேசவில்லை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு குரலில் சொல்லவைத்து, சொல்பவருக்கு விருப்பமா வெறுப்பா என்று கேட்பவர்களைக் கணிக்கச் சொன்னார்கள். முகப் படங்களையும் காட்டினார்கள். சொல் ஒன்று, குரலும் முகமும் வேறொன்று என்று முரண்படும்போது உணர்ச்சியை எதை வைத்து ஊகிக்கிறோம் என்பதற்குத்தான் அந்தக் கணக்கு. மற்ற பேச்சுகளுக்கு இது பொருந்தாது என்று மெஹ்ரேபியனே சொல்லியிருக்கிறார். கொஞ்சம் யோசித்தாலே போதும்: வார்த்தைக்கு 7 சதவீதம்தான் என்றால், தெரியாத மொழியில் நடக்கும் நேர்காணலிலும் நமக்கு 93 சதவீதம் புரிந்திருக்க வேண்டுமே!

இந்த ஸ்லைடு செய்யும் கெடுதல் சின்னதில்லை. எதைச் சொல்வது என்று யோசிக்க வேண்டிய நேரத்தை மாணவர்கள் கையை எங்கே வைப்பது என்ற கவலையில் செலவிடுகிறார்கள்.

இரண்டாவது, நேர்காணலுக்கு முன் கழிவறையில் இடுப்பில் கைவைத்து இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன் மாறித் தன்னம்பிக்கை பெருகும் என்பது. இதற்கு ஆதாரமாக 2010-இல் வந்த ஆய்வை, 2015-இல் ஏறக்குறைய 200 பேரை வைத்து வேறொரு குழு திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் வரவில்லை. முதல் ஆய்வை எழுதியவர்களில் முதலில் பெயர் உள்ள டேனா கார்னியே, இந்த விளைவு உண்மை என்று தான் இனி நம்பவில்லை என 2016-இல் வெளிப்படையாக எழுதிவிட்டார். நின்றால் நஷ்டம் ஒன்றும் இல்லை, நிற்கட்டும். ஆனால் அதைப் பயிற்சி என்று சொல்லி ஒரு மணி நேரம் எடுக்காதீர்கள்.

உடை பற்றியும் ஒரு வரி: சுத்தமாக, அந்த வேலைக்கு ஏற்றதாக இருந்தால் போதும். அதற்கு மேல் எங்கள் தாளில் எதுவும் இல்லை.

சரி, அந்த நேரத்தில் என்ன சொல்லித்தருவது? என் கருத்து ஒன்றே ஒன்று. மாணவர் ஏற்கெனவே செய்த வேலைகளை அவரே தோண்டி எடுக்க உதவுங்கள். நேர்காணலுக்கான சரக்கு அங்கேதான் புதைந்து கிடக்கிறது. அது அங்கே இருப்பது பெரும்பாலும் அவருக்கே தெரிவதில்லை.

ஒரு மாணவி என்று வைத்துக்கொள்வோம். ரெஸ்யூமேயில், "இறுதியாண்டு திட்டம்: நூலகத்துக்கான மொபைல் செயலி, குழுவில் 4 பேர்" என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டால், "நூலகப் பயன்பாட்டை எளிமையாக்குவதே எங்கள் செயலியின் நோக்கம்" என்று ஒப்பிக்கிறார். அவரை உட்காரவைத்து நீங்களே கேளுங்கள். நான்கு பேரில் நீ செய்தது எது? தரவுத்தளம். அட்டவணைகளை எப்படிப் பிரித்தாய்? ஏன் அப்படி? முதலில் வேறு மாதிரி செய்துவிட்டு மாற்றினாயா? யாராவது அதை உண்மையில் பயன்படுத்திப் பார்த்தார்களா? பார்த்தபோது எது உடைந்தது?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் கதவு திறக்கும். "இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே புத்தகத்தைப் பதிவுசெய்தார்கள் மேடம், இருந்தது ஒரே பிரதி, இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டதாகக் காட்டிவிட்டது." பிறகு? "பிரதி இருக்கிறதா என்று பார்ப்பதும் பதிவுசெய்வதும் தனித்தனியாக நடந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள், அதாவது பிரிக்க முடியாத ஒரே செயலாகக் கொண்டுவந்து, முடியும் வரை அந்தப் பதிவைப் பூட்டிவைத்தேன்." யார் சொல்லிக்கொடுத்தது? "யாரும் இல்லை, தேடிப் படித்தேன். குழுவில் ஒருவர் தேவையில்லை என்றார், இரண்டு போனை வைத்துச் செய்துகாட்டினேன், ஒத்துக்கொண்டார்."

கவனியுங்கள். இந்த ஒரே சம்பவத்தில் தொழில்நுட்ப அறிவு இருக்கிறது, பிரச்சினையைக் கண்டுபிடித்த விதம் இருக்கிறது, தானாகக் கற்றுக்கொண்டது இருக்கிறது, கருத்து வேறுபாட்டைக் கையாண்டதும் இருக்கிறது. எங்கள் தாளில் நான்கு கேள்விக்கு இது பதில். ரெஸ்யூமேயில் இருந்ததோ ஒரே ஒரு வரி.

இன்னொருவர், படிக்கும்போதே மாலை நேரத்தில் மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். அதை ரெஸ்யூமேயில் போடாமல் விட்டுவிடுகிறார், ஏனென்றால் சம்பந்தமில்லாத வேலையைப் போடாதே என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் வந்திருப்பதோ கிடங்கு மேற்பார்வையாளர் வேலைக்கு! காலாவதித் தேதி நெருங்கும் மருந்தை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள், எதை முன்வரிசையில் வைப்பீர்கள், இருப்பு குறைந்தால் எப்போது ஆர்டர் போடுவீர்கள், கணக்கும் அலமாரியும் ஒத்துப்போகாதபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அரை மணி நேரம் பேசக்கூடியவர். ஆனால் அவர் எங்கள் முன்னால் தன்னுடைய "தலைமைப் பண்பை" விளக்கிக்கொண்டிருப்பார்.

தோண்டுவதற்கு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், வேலை அறிவிப்பிலிருந்து. அதைப் பலர் சம்பளத்தையும் ஊரையும் பார்ப்பதற்கு மட்டும் படிக்கிறார்கள். எங்கள் கேள்விகளில் பெரும்பகுதி அந்த அறிவிப்பிலிருந்துதான் பிறக்கிறது. ஒவ்வொரு வரியையும் ஒரு தாளின் இடப்பக்கம் எழுதச் சொல்லுங்கள். வலப்பக்கம், அந்த வரிக்குப் பொருந்துகிற சொந்தச் சம்பவம். "வாடிக்கையாளர் புகார்களைக் கையாளுதல்" என்றால், கோபத்தில் இருந்த ஒருவரைச் சமாளித்த நாள் எது? "காலக்கெடுவுக்குள் பல பணிகளை முடித்தல்" என்றால், இரண்டு வேலை மோதிக்கொண்டபோது எதைத் தள்ளிவைத்தாய், யாரிடம் சொல்லிவிட்டுத் தள்ளிவைத்தாய்? வலப்பக்கம் காலியாக இருக்கும் வரிகள் நிச்சயம் இருக்கும். அவற்றை மூடி மறைக்கச் சொல்லித்தராதீர்கள். "இதை நான் செய்ததில்லை. இதற்கு நெருக்கமாகச் செய்தது இது" என்று சொல்லத் தயாராகட்டும். கேட்பதற்கு நன்றாக இருக்கும், மதிப்பெண்ணும் உண்டு.

நிறுவனத்தைப் பற்றிப் படிப்பதும் இதே மாதிரிதான். தொடங்கிய ஆண்டு, நிறுவனர் பெயர், எத்தனை நாடுகளில் கிளை என்பதெல்லாம் எங்களுக்கே சட்டென்று நினைவுக்கு வராது. இந்த நிறுவனம் எதை விற்கிறது, யாருக்கு விற்கிறது, பணம் எங்கிருந்து வருகிறது, நான் கேட்டு வந்திருக்கும் வேலை அதில் எந்த இடத்தில் உட்காருகிறது: இந்த நான்கும் தெரிந்தால் போதும். பங்குச் சந்தையில் உள்ள நிறுவனம் என்றால் ஆண்டறிக்கை இணையத்தில் கிடைக்கும். முழுவதும் படிக்க வேண்டாம், வரும் ஆபத்துகள் என்னென்ன என்று அவர்களே எழுதியிருக்கும் பகுதியைப் படித்தால் நல்ல கேள்விகள் தானாக வரும்.

சம்பவத்தைச் சொல்லும் முறைக்கு உங்களில் பலர் "ஸ்டார்" முறையைக் கற்றுத்தருகிறீர்கள். சூழல், பணி, செயல், விளைவு. நல்ல முறைதான், 1970-களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் உங்கள் மாணவர்கள் அதில் இரண்டு இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். சூழலைச் சொல்லவே இரண்டு நிமிடம் ஆகிவிடுகிறது. கல்லூரி விழா, அதில் எத்தனை குழுக்கள், யார் தலைவர், ஏன் தள்ளிப்போனது என்று போய்க்கொண்டே இருக்கும், செயல் வரும்போது மூச்சு தீர்ந்திருக்கும். சூழலுக்கு இரண்டு மூன்று வாக்கியம் போதும். அடுத்தது "நாங்கள்". நாங்கள் திட்டமிட்டோம், நாங்கள் முடித்தோம். பணிவு என்று நினைத்துச் சொல்கிறார்கள். எனக்கோ அந்த "நாங்கள்" என்ற கூட்டத்தில் இவர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை, ஆகவே 3. குழுவுக்கு உரிய பெருமையைக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு, "அதில் நான் செய்தது இது" என்று சொல்லப் பழக்குங்கள்.

விளைவைச் சொல்லும்போது எண் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இட்டுக்கட்ட வேண்டாம். "திறனை 40 சதவீதம் உயர்த்தினேன்" என்று சொன்னவுடன், எதை அளந்தீர்கள், முன்பு எவ்வளவு, எப்படி அளந்தீர்கள் என்று கேட்போம். மூன்றாவது கேள்வியில் அந்த 40 சதவீதம் கரைந்துவிடும், அதோடு அதுவரை சொன்ன உண்மைகள் மேலும் சந்தேகம் விழும். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் பதில்களில் இந்த மாதிரி சதவீதங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலை அறிவிப்பைக் கொடுத்து, "இந்த வேலைக்கு என்னிடம் கடினமான தொடர்கேள்விகளைக் கேள்" என்று கேட்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்பதற்கு அது நல்ல துணை. பதில் எழுதச் சொன்னால் பழைய மனப்பாடமே புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும்.

பலவீனக் கேள்விக்கும் இதே வழிதான். "அறிக்கையை முடித்த வேகத்தில் அனுப்பிவிடுவேன், கூட்டுத்தொகையில் தவறு வந்து ஒருமுறை திரும்பி வந்தது, இப்போது அனுப்பும் முன் மொத்தத்தை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் நாங்கள் பயந்துவிட மாட்டோம். தன் வேலையைத் தானே கவனிக்கிறார் என்று எழுதிக்கொள்வோம். கணக்காளர் வேலைக்கு வந்து கூட்டல் வராது என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் சரி.

பயிற்சி செய்யும் விதத்திலும் ஒரு மாற்றம் வேண்டும். நீங்கள் கொடுக்கும் கேள்வி-பதில் தொகுப்பை மாணவர்கள் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை இருமுறை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். ஒருமுறை படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. ஆகவே தாளை மூடிவைத்துவிட்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். சம்பவத்தின் முக்கியப் புள்ளிகள் மட்டும் மனதில் இருந்தால் போதும், வாக்கியங்கள் ஒவ்வொரு முறையும் வேறாக வரட்டும். வேறாக வருவதுதான் நல்லது. வாக்கியத்தை உருப்போட்டவர் ஒரு சொல் மறந்தால் நின்றுவிடுவார், சம்பவம் தெரிந்தவர் வேறு வழியில் போய்ச் சேர்ந்துவிடுவார். போனில் பதிவுசெய்து கேட்டால் எங்கே இழுக்கிறோம் என்பது அவர்களுக்கே தெரியும். தன் குரலைத் தானே கேட்பது முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும்.

தனக்கு அவ்வளவு பழக்கமில்லாத மொழியில் நேர்காணல் சந்திப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்குத்தான் மனப்பாடத்தின் ஆசை அதிகம், அவர்களைத்தான் அது அதிகமாகக் காலைவாரிவிடுகிறது. முதல் பதில் சரளமாக வந்து, அடுத்த தொடர்கேள்விக்கு நாக்கு கட்டிப்போனால், அந்த இடைவெளி பளிச்சென்று தெரியும். எளிய, சின்ன வாக்கியங்களில் சொந்தச் சம்பவத்தைச் சொல்லப் பழகட்டும். கேள்வி புரியவில்லை என்றால், "இதைத்தான் கேட்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்பது தப்பே இல்லை. இலக்கணப் பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் வேலைகள் உண்டு, ஆனால் எல்லா வேலையும் அப்படி இல்லை.

தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது? "தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும்படி சிலர் கற்றுத்தருகிறீர்கள், எதையாவது சொல்லிச் சமாளி என்று சிலர். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. "இதை நான் செய்து பார்த்ததில்லை. கண்டுபிடிக்க வேண்டும் என்றால் முதலில் இதைப் பார்ப்பேன், பிறகு இதை" என்று யோசனையை வாய்விட்டுச் சொல்வது. எங்களுக்குப் பல சமயம் விடையைவிட அந்தப் பாதைதான் தேவை. புதிர்க் கேள்விகளை நினைத்து மட்டும் தூக்கம் கெட வேண்டாம் என்று சொல்லுங்கள். விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடங்கும் என்கிற ரகக் கேள்விகளால் பெயர்பெற்ற கூகுளிலேயே, அப்போது அங்கே மனிதவளப் பொறுப்பில் இருந்த லாஸ்லோ பாக், அவை முழு நேர விரயம் என்று 2013-இல் சொல்லிவிட்டார்.

பதற்றம் பற்றி. "பதறாதே, அமைதியாக இரு" என்று சொல்வதால் யாரும் அமைதியானதாக நான் பார்த்ததில்லை. ஆலிசன் வுட் ப்ரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், பாடுவதற்கும் பேசுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் முன்னால் "நான் ஆர்வமாக இருக்கிறேன்" என்பதுபோல் படபடப்பை ஆர்வமாக எடுத்துக்கொண்டவர்கள், அப்படிச் செய்யாத மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். படபடப்பை அடக்கப் பார்ப்பதைவிட அதற்கு வேறு பெயர் கொடுப்பது எளிது போலிருக்கிறது. முதல் முப்பது வினாடியில் எல்லாம் முடிந்துவிடும் என்று மாணவர்களைப் பயமுறுத்துவதையும் விட்டுவிடுங்கள். உண்மையான நேர்காணல்களை வைத்து 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் முடிவுக்கு வர ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் தடுமாறியவருக்கு மீண்டுவர நேரம் இருக்கிறது.

காணொளி நேர்காணல் என்றால் முந்தைய நாளே அதே கணினி, அதே இணைப்பு, அதே அறையில் சோதித்துப் பார்க்கட்டும், வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும், எங்கள் தொலைபேசி எண் பக்கத்தில் இருக்கட்டும். சம்பளப் பேச்சுக்கு, அந்த வேலைக்கு வெளியே என்ன கிடைக்கிறது என்று விசாரித்துக்கொண்டு வந்தால் போதும். வேலையில்லாமல் இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். நீட்டினால்தான் எங்களுக்குக் கேள்வி முளைக்கும்.

"எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்று நாங்கள் கேட்கும்போது, "ஒன்றும் இல்லை சார், நன்றி" என்று எழுந்துவிடுகிறார்கள். அது வீணாகும் நேரம். இந்த வேலையில் முதல் மூன்று மாதத்தில் நான் எதை முடித்திருந்தால் நீங்கள் திருப்திப்படுவீர்கள்? இந்த இடம் ஏன் காலியானது? யாருடைய கீழ் வேலை, அவர் எப்படி வேலை வாங்குவார்? இப்படிக் கேட்பவருக்கு எங்கள் முகம் பார்த்தே பல விஷயம் தெரிந்துவிடும். அந்த வேலை தனக்கு வேண்டுமா என்று முடிவெடுக்க அவருக்கும் உரிமை இருக்கிறது என்பதை உங்கள் வகுப்புகளில் யாரும் சொல்லுவதாகத் தெரியவில்லை.

உங்கள் நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. ஒரு வகுப்பில் நூறு, இருநூறு பேர். ஒவ்வொருவரையும் உட்காரவைத்துத் தோண்ட உங்களுக்கு நேரம் ஏது? அச்சடித்த தொகுப்பைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் தோண்டுவதற்கு நீங்களே வேண்டும் என்பதில்லை. மாணவர்களை இருவர் இருவராகப் பிரித்துவிடுங்கள். ஒருவர் தன் ரெஸ்யூமேயில் ஒரு வரியைப் படிக்கட்டும், மற்றவர் "நீ என்ன செய்தாய், ஏன், பிறகு என்ன ஆயிற்று?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்கட்டும். கேட்பவருக்கு அந்தத் துறை தெரிந்திருக்கக்கூடத் தேவையில்லை, தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது. இருபது நிமிடம் கழித்து இடம் மாறிக்கொள்ளட்டும். நீங்கள் வகுப்பைச் சுற்றிவந்து, எங்கே பேச்சு பொதுவாகப் போகிறதோ அங்கே நின்று, "எந்த நாள்? யாரிடம்? எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு நகர்ந்தால் போதும்.

மாதிரி நேர்காணல் நடத்தும்போது முதல் பதிலோடு அடுத்த கேள்விக்குத் தாவிவிடாதீர்கள். ஒவ்வொரு பதிலின் மேலும் குறைந்தது இரண்டு தொடர்கேள்வி. முடிந்ததும், "இன்னும் தன்னம்பிக்கையோடு பேச வேண்டும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள், அதை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்வார்? "உன் சம்பவத்தில் உன் முடிவு எது என்று எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லுங்கள், அதைச் சரிசெய்ய அவருக்கு வழி தெரியும்.

எதிர்ப்புறம் உட்கார ஆள் கிடைக்கவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள். ஆள் எடுக்கும் குழுக்களில் இருப்பவர்களில், கேட்டால் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கத் தயங்காதவர்கள் உண்டு. ரெஸ்யூமேக்களையும் வேலை அறிவிப்பையும் இரண்டு நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள், படித்துவிட்டு வருகிறோம். என்ன கேட்கப் போகிறோம் என்று மட்டும் முன்கூட்டியே எங்களிடம் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
நேர்காணல் மேசையின் எதிர்ப்புறம் உட்காரும் ஒருவன்